மூன்றாம் சுருள்

பிணம் மூச்சு விடுகிறது.
அதற்காகத்தான் வருடக்கணக்கில்
ஞாயிறு காலை ஆறு மணிக்கு
கென்ட் நகரத்துப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கைவிளக்கும் ஃபிளாஸ்க் காப்பியுமாய்
துருப்பிடித்த தகர டப்பாக்களைக் கிளறினோம்.

படம் சுமார்தான். சொல்லிவிடுகிறேன்.
ஐம்பத்தொன்றில் வந்தது, கறுப்பு வெள்ளை,
'ஏழாம் மதகு'.
கால்வாய்க் காவலனைக் கொன்றது யாரென்று
பத்தாம் நிமிடமே தெரிந்துவிடும்:
தொப்பியைக் கழற்றாமல் சூப் குடிக்கிற ஆள்.
ஆண்ட்வெர்ப்பில் ஒன்பது நாள் ஓடிற்று.
இயக்கியவர் அப்புறம்
தையல் இயந்திரம் விற்கப் போனாராம்.

ஆனால் மூன்றாம் சுருள்.
நவம்பர் விடியல். ஈரக் கருங்கல்.
மல்லாந்து கிடக்கிறான் காவலன்.
துப்பறிகிறவர் குனிந்து பார்த்து
"செத்து இரண்டு மணி நேரம் இருக்கும்" என்கிறார்.
அப்போது
செத்தவன் உதட்டிலிருந்து
வெள்ளையாய் ஒரு புகை
எழுந்து, தயங்கி,
கலைகிறது.

குளிர். வேறென்ன.
மறுபடி எடுக்கக் கையில் பிலிம் இல்லை.
விநியோகஸ்தர் எல்லாப் பிரதியிலும் வெட்டச் சொன்னார்.
ஓஸ்டெண்ட் மாலுமிகள் விடுதிக்குப் போன ஒன்று மட்டும்
கத்தரிக்குத் தப்பிற்று.

டிராம் ஓட்டிச் சேர்த்ததையெல்லாம்
அதன் பின்னால் கொட்டினாள் கோடலீவ்.
வானெஸ் தன் மோட்டார் சைக்கிளைத் தரத் தயார்.
கொலைகாரனைப் பற்றி யாரும் பேசியதில்லை.
எங்களுக்கு அந்த இரண்டு விநாடி,
நாற்பத்தெட்டுக் கட்டம்.
படத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே நடிகன்.

விடுதியை இடித்தபோது
நிலக்கரி அறையில் கிடந்தது. எனக்குக் கிடைத்தது.
இருபது யூரோ,
கால் ஒடிந்த நாற்காலி ஒன்றும் சேர்த்து.
குளிர்காலம் முழுக்கச்
சமையலறைச் சுவரில் ஓட்டினேன்.
கெட்டில் ஆவி குறுக்கே வந்தால்
எது அவனுடையது என்று தெரியாது.

பிறகு கூரை ஒழுகிற்று. விற்றேன்,
கோடலீவுக்குத்தான்.
விளக்குப் பெட்டியில் விரித்து
பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள்,
உதடு அசைய, டிக்கெட் எண்ணுகிற மாதிரி.
நாற்பத்தேழு.
மறுபடி எண்ணினாள்.
"ஒட்டுப் போட்ட இடத்தில் போயிருக்கும்" என்றேன்.
ம், என்றாள்.
நோட்டுகளை ஒவ்வொன்றாக வைக்கும்போது
என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெங்காய சூப் கொடுத்தாள். குடித்தேன்.

கடைசி வரை நான்
தொப்பியைக் கழற்றவே இல்லை என்பது
ரயில் நகர்ந்த பிறகுதான் உறைத்தது.