பதினேழாம் பெட்டி

ஆலந்தூரில் மெட்ரோவுக்குத் துளை போடுகிறார்கள்.
வெளியே வருவதைப் பெட்டியில் அடுக்கி
ஆழம் எழுதுவது என் வேலை.

மேலே தார், கப்பி, செங்கல் தூள்,
ஒரு மருந்துப் புட்டியின் கழுத்து.
மூன்று மீட்டரில் களிமண்.
ஏழில் மக்கிய கல், விரலால் நசுக்கலாம்.
பதினொன்றரையில் இயந்திரத்தின் குரல் மாறியது.
துரைக்கண்ணு பீடியை எறிந்துவிட்டுச் சொன்னார்:
"பல்லாவரத்தான் வந்துட்டான் மேடம்."

நீலம் ஓடிய சாம்பல் நிறம்.
உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மினுக்கம்.
புத்தகத்தில் இதற்கு சார்னகைட் என்று பேர்,
கல்கத்தாவில் புதைந்த வெள்ளைக்கார வியாபாரி ஒருவனுடைய பேர்.
அவன் சமாதிக்கு இந்தக் கல்தானாம்.
அதற்கு முன்னால் இருநூற்றைம்பது கோடி வருஷம்
பேரில்லாமல்தான் கிடந்தது, குறையொன்றுமில்லை.

இது குழம்பாக இருந்தது ஒரு காலம்.
நிலமும் நிலமும் முட்டிக்கொண்ட இடத்தில்
மேலே எரிமலைகள் புகைந்திருக்கும்.
அடியில், இருபது கிலோமீட்டருக்கும் கீழே,
அவசரமில்லாமல் இது ஆறியது.
பிறகு மலையை மழை தின்றது.
நம் டிசம்பர் மழை இல்லை,
ஒரு மலைத்தொடர் தீரும்வரை.

மிச்சம்தான் பரங்கிமலை.
படியேறி, விமானம் இறங்குவதைப் பார்க்க வரும் ஜோடிகள்
மலையின் தலையில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள்.
அது பாதம்.

கடல் ரொம்பப் பிந்தி வந்தது.
பாகப்பிரிவினையில் நடுவில் விழுந்த சந்து.
மறுபாதிக் கல் அண்டார்க்டிகாவில்
பனிக்கு அடியில் இருக்கிறது,
பதின்மூன்று கோடி வருஷமாக
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சொன்னேன்.
நாம் இருக்கும் தட்டு வடகிழக்கே போகிறது,
அதன் விளிம்பு அந்தமானுக்கு அடியில் நுழைகிறது,
அங்கே ஆளில்லாத ஒரு தீவு இன்னும் புகைகிறது.
"எவ்ளோ வேகம்?" என்றார்.
அவருடைய தீப்பெட்டியை வாங்கிக் காட்டினேன்.
"வருஷத்துக்கு இவ்வளவு."

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
"அன்னிக்குக் காலைல கட்டில் லேசா ஆடுச்சு.
எலின்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்.
பட்டினப்பாக்கத்துல அம்சவேணி
கரையில வலை உதறிக்கிட்டு இருந்திருக்கா.
ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு மேடம்.
ஒரு போன் போட்டிருக்கலாம்."

யாருக்குத் தெரியும் என்றேன்.
சொல்ல வேறு எதுவும் இல்லை.

எழுந்து போய், பதினேழாம் பெட்டியின் விளிம்பில்
தீப்பெட்டியைப் படுக்க வைத்தார்.
நகர்த்தி வைத்தார். மறுபடி நகர்த்தினார்.
உதடு அசைந்தது, எண்ணுகிறார்.
இருபதாவதில் பெட்டி முடிந்தது:
சரியாக ஒரு மீட்டர்.

"அவ போனதுலேர்ந்து இவ்ளோதானா?"

பதில் வருவதற்குள் அடுத்த கல் வந்தது,
சூடாக, ஈரமாக, விரிசலே இல்லாமல்.
துடைத்து, பேனாவைத் திறந்து
பதினெட்டு என்று எழுதினேன்.