அழுத்தக்குறி

எதிரெதிர் மேசைகள். இடையில் மூன்றடி.
மிஸ் எஃபி ரான்கின் எழுதிய சீட்டை
மிஸ்டர் மர்டோ கெடிஸிடம் சேர்க்க
அந்த மூன்றடியைச் சுற்றிக்கொண்டு
பதினோரு தப்படி நடப்பது என் வேலை.
வாரம் முப்பத்திரண்டு ஷில்லிங்.

டண்டீ நகரம், நெத்தர்கேட் தெரு, மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் சணல் ஆலை வாடை,
மூடினால் பசை வாடை.
அகராதியின் நான்காம் பதிப்பு
'சி' என்ற எழுத்திலேயே இரண்டு வருஷமாக
வண்டி மாடு போலப் படுத்திருந்தது.

ஏன் பேசிக்கொள்வதில்லை?
அச்சுக்கோக்கும் டூகல்தான் சொன்னார்.
போன பதிப்பில்
அந்தம்மா எழுதிய விளக்கத்திலிருந்து
இவர் ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டாராம்.
கேட்காமல்.
நான் சிரித்தேன். டூகல் சிரிக்கவில்லை.
"ஒன்பது வருஷம், ஸெங்கா.
முற்றுப்புள்ளியாக இருந்தால் ஆறியிருக்கும்."

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
டே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
முதலில் பாலத்தைத் தின்றது, பிறகு ரயிலை.
காலை பத்து மணிக்கே விளக்குப் போட்டோம்.
வந்து நின்றது 'கான்வர்ஸ்'.

எழுத்துக்கூட்டு ஒன்று, சொல் இரண்டு.
பின்னசையில் அழுத்தினால்
உரையாடு.
முன்னசையில் அழுத்தினால்
மறுதலை: ஒரு கூற்றின்
காலைத் தலையாக்கித் தலையைக் காலாக்கி
அப்படியும் நிற்கிறதா என்று பார்ப்பது.
உரையாடல் எஃபியின் பங்கு,
தர்க்கம் மர்டோவின் பங்கு.
பங்கு பிரித்தவர் எந்த ஊரோ,
குறும்புக்காரர்.

எஃபியின் சீட்டு முதலில் வந்தது:
"ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு,
பின் மற்றவர் சொல்ல ஒருவர் கேட்டல்."
அதன் கீழே அடித்த வரி ஒன்று.
விளக்கில் பிடித்துப் படித்துவிட்டேன்,
தப்புதான்:
"பழைய பொருள், கூடி வாழ்தல். வழக்கொழிந்தது."

மர்டோவும் விளக்கில் பிடித்தார்.
பிறகு வெகுநேரம் பென்சில் சீவினார்.
சீவல் மடியில் விழுந்துகொண்டே இருந்தது.
அவருடைய சீட்டில் எடுத்துக்காட்டு:
"கோபமென்றால் அவள் பேசமாட்டாள்.
இதன் மறுதலை: அவள் பேசாவிட்டால் கோபம்.
முதலாவது மெய்யாயிருக்க
இரண்டாவது பொய்யாகலாம்?"

அகராதியில் எடுத்துக்காட்டுக்கு
கேள்விக்குறி போடும் வழக்கமில்லை.
எனக்கே அது தெரியும்.

பதினோரு தப்படி.
ஏழாவதில் நின்று
அவிழாத ஷூ நாடாவைக் கட்டினேன்.

எஃபி படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
அழப்போகிறார் என்று நினைத்தேன்
(எனக்கு அப்போது பதினாறு வயது).
சிவப்பு மைக்கூட்டைத் திறந்தார்.
'பேசமாட்டாள்' என்பதன் பின்னிருந்த
முற்றுப்புள்ளிக்கு அடியில்
ஒரு சின்ன வால் வரைந்தார்.
அவ்வளவுதான்.
சீட்டை என்னிடம் தரவில்லை.
கையை நீட்டி
அந்த மூன்றடியைத் தாண்டி வைத்தார்.

"மிஸ் ரான்கின்,
இந்த இடத்தில் அரைப்புள்ளி வராது."

துருப்பிடித்த குரல். இருமிவிட்டுத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும், மிஸ்டர் கெடிஸ்.
அழுத்தக்குறியை எங்கே போட்டிருக்கிறீர்கள்?
சொல்லிக் காட்டுங்கள்."

அவர் முன்னசையில் அழுத்திச் சொன்னார்.
அவர் பின்னசையில் அழுத்திச் சொன்னார்.
எந்த அவர் எதைச் சொன்னார் என்பது
நாலு மணிக்கு மேல் எனக்குக் குழம்பிப்போனது.
பனி கலைந்து ரயில் திரும்பவந்தது.
தேநீர் இரண்டு கோப்பை ஆறிப்போய்
ஏடு கட்டியது.
கேள்விக்குறிக்கு யாரும் பதில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை என்னைக்
கீழே அச்சுக்கூடத்துக்கு மாற்றினார்கள்.
மேலே நடப்பதற்கு
இனித் தூரம் இல்லையாம்.