உரைத்துப் பார்க்காத பொன்

இரவு ஒன்றே காலுக்குச் சோதனை தானாக ஓடத் தொடங்கும்.
ஈசூன், பதினோராம் மாடி, வீவக வீடு.
சாப்பாட்டு மேசைக்கு அடியில் கணினி,
அதன் சூட்டில் காயட்டும் என்று நான் போட்ட இரண்டு காலுறை.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு விளையாட்டுகள்.
ஒவ்வொன்றும் பத்து நொடி ஓடும்,
அறுநூறாவது சட்டகத்தில் நிற்கும்.
அந்தப் படத்தை எடுத்து
முன்பே சேமித்து வைத்த படத்தின் மேல் வைத்துப் பார்க்கும்.
ஒரு புள்ளி விலகினாலும் சிவப்பு.
விலகாவிட்டால் பச்சை.

நேற்று மாலை, வேலை முடிந்து வரும் ரயிலில்,
அங் மோ கியோ தாண்டி நின்றுகொண்டே
எமுலேட்டரில் ஒரு வரியைத் திருத்தியிருந்தேன்.
ஒரு சமக்குறியை எடுத்தேன்.
அவ்வளவுதான்.

காலை நாலே முக்கால்.
ஒரே ஒரு சிவப்பு.
எண் 1406, படகோட்டி.
பழைய படத்தில் கடலுக்கு மேல்
ஒரே கோட்டில் ஒன்பது பறவைகள்.
புதியதில் எட்டு.

கெடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது.
சமக்குறியைத் திரும்பப் போட
விரல் பாதி தூரம் போய்விட்டது.

ஹுவீ லிங்கிடம் நிஜக் கன்சோல் இருக்கிறது.
செம்பவாங்கில் வீடு, பேருந்து ஓட்டுகிறாள்,
முதல் பேருந்து நாட்களில் எனக்கு முன்பே விழித்திருப்பாள்.
"பறவையை எண்ணிச் சொல்" என்று அனுப்பினேன்.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
பழைய டிவியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாள்,
கண்ணாடியில் அவள் சீருடையும் கோப்பிக் குவளையும் தெரிய.
எட்டு.
பிறகு இன்னொரு செய்தி:
"மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.
அடுத்த சட்டகத்திலும் எட்டுதான், ஆனால்
காணாமல் போனது வேறு பறவை."

அந்த இயந்திரம் ஒரு கோட்டில்
எட்டு உருவம்தான் தாங்கும்.
எட்டுக்கு எட்டாத ஒன்பதாவதைக்
கண்டும் காணாததுபோல் விட்டுவிடும்.
விளையாட்டை எழுதியவர்களுக்கு இது தெரியும்.
பறவைகளுக்கு முறை வைத்தார்கள்,
இப்போது இது மறையட்டும், அடுத்து அது.
நம் கண் ஒன்பதென்றே நம்பும்.
கொஞ்சம் படபடக்கும்,
சிறகடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

என் நிரல் மட்டும்
பூஜ்யத்தில் தொடங்கி எட்டையும் சேர்த்து எண்ணி
நாலு வருஷமாக ஒன்பதையும் வரைந்திருக்கிறது,
சிறகடிக்காமல்.
ஒவ்வொரு இரவும் அதற்குப் பச்சை.

அந்தப் படங்கள் இருக்கும் கோப்புறைக்குப் பெயர் 'பொன்'.
நான்தான் வைத்தேன்.
சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் விடுமுறை,
கீழே எங்கோ சிங்க நடனத்தின் மத்தளம்.
எல்லாவற்றையும் சரியென்று ஏற்கவா? என்று கேட்டது.
இருபது படம் பார்த்திருப்பேன்.
ஆம் என்று அடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

நகலெடுக்கிறவளுக்குத்
திருத்தும் உரிமை இல்லை.
அது தடுக்கிய இடத்திலேயே நானும் தடுக்க வேண்டும்.

பழைய படத்தை அழிக்கும் முன்
ஒன்பதாவது பறவையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பதினான்கு வெள்ளைப் புள்ளி, ஒரு சாம்பல்.
அழித்தேன்.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
"பழைய விடை தவறு. சேமித்தது நான்."

வெளியே குயில் ஆரம்பித்துவிட்டது.
பக்கத்து புளோக்கில் யாரோ அதை நோக்கிக் கத்துகிறார்,
நேற்றும் இதே நேரம் கத்தினார்.
சோதனையை மறுபடி ஓட்டினேன்.
வரிசை வரிசையாகப் பச்சை.
1406-உம் பச்சை.

கோப்பி போட எழுந்தவள்
பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
'பொன்' கோப்புறை.
முதல் படம்.
ஒரு கோட்டை, ஒரு நிலா, கோட்டைக்கு முன்னால் நிலா.
முன்னாலா?

ஹுவீ லிங்கின் பேருந்து
இந்நேரம் கிளம்பியிருக்கும்.