முப்பத்திரண்டாவது ராடு

உங்கள் நோட்டைக் குழந்தைவேலு கொண்டுவந்து கொடுத்தான்.
அட்டையில் கிரீஸ் விரல்கள்.
உள்ளே, எனக்கு நீங்கள் எழுதாத கடிதமெல்லாம்:

ராடு 1 செம்மண்
ராடு 4 சுக்கான்
ராடு 9 கருங்கல், புகை
ராடு 22 சிவப்புக்கல், புகை
ராடு 31

அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

சத்தீஸ்கரில் ஏதோ ஓர் ஊர்.
அந்தப் பேர் இன்னும் என் வாயில் நிற்கவில்லை.
மாஸ்ட் மின்கம்பியில் பட்டது என்றார்கள்.
ஐஸ் பெட்டியில் திருச்செங்கோட்டுக்கு
மூன்றாம் நாள் வந்து சேர்ந்தீர்கள்.
பெனினா ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளை.
மூன்றாம் நாள் என்றதும்
என் முகத்தைப் பார்த்தாள்.
நான் பெட்டியின் ஆணியைப் பார்த்தேன்.

ஆயர் நல்லவர்.
கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும்மா என்றார்.
மலைக்கு விளக்குப் போடப் போகிற சம்பூர்ணம் அக்கா
ஒன்றும் சொல்லவில்லை.
இருந்த துணியெல்லாம் துவைத்துக்
காயப்போட்டுவிட்டுப் போனாள்.
உங்கள் காக்கிச் சட்டையை மட்டும்
அழுக்கோடு மடித்து
என் தலையணைக்கடியில் வைத்திருந்தாள்.

ஆறு மாதம் கழித்துக் குழந்தைவேலு மறுபடி வந்தான்.
வேறு வண்டி போய்க் குழியை முடித்ததாம்.
முப்பத்தினாலாவது ராட்டில் இரண்டரை இன்ச் தண்ணி.
அந்தக் காட்டுக்காரர் உங்கள் பேரைக் கேட்டு,
செல்வநேசன் என்று சொல்ல வராமல்
மூன்று தடவை முயன்றாராம்.
"அண்ணனாலதானுங்க்கா அந்த ஊரே குடிக்குது."
நல்ல மனசோடுதான் சொன்னான்.
நான் டம்ளர் கழுவ எழுந்து போனேன்.

அந்தத் தண்ணீரை உங்கள் விலையென்று
நான் எழுதிக்கொள்ள மாட்டேன்.
மூன்று ராடு கீழேதான் இருந்தது.
உங்களை எடுக்காமலும் வந்திருக்கும்.
இதைக் கர்த்தரிடமும் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு ஒரு ஞாயிறு.
சபை விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தது.
சின்ன வயசிலிருந்து
பஸ் பிடிக்கிற வேகத்தில் நான் சொன்னதுதான்.
பாடு, சிலுவை, மரணம், அடக்கம் எல்லாம் தாண்டி
இறங்கினார் என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.
சபை மூன்றாம் நாளுக்குப் போய்விட்டது.
பரலோகம் ஏறி, வலது பக்கம் உட்கார்ந்து,
ஆமென் சொல்லி முடித்து
பெஞ்சு கிறீச்சிட அமர்ந்தும்விட்டது.
நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்,
இறங்கின இடத்தில்.

இறங்குவது என்றால் என்னவென்று
ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியும்.
இருபது இருபது அடியாக.
கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தாலும்
எட்டாத இடத்துக்கு.
தண்ணி இருக்குதென்று ஒருத்தரும்
கையெழுத்துப் போட்டுத் தராமல்.

அங்கே ஒருவர் எனக்கு முன்னாலேயே இருந்தார்.
ஏன் என்று கேட்க வைத்திருந்தேன், கேட்கவில்லை.
அவரும் காரணம் எதையும் எடுத்து நீட்டவில்லை.
கையில் ஓட்டை இருந்தது.
எழுந்த பிறகும் மூடிக்கொள்ளாத ஓட்டை.

மேல்மண் சரியக் கூடாதென்று
கேசிங் பைப் இறக்குவீர்களே,
அது துளையை அடைக்க அல்ல,
துளை துளையாகவே நிற்பதற்கு.
என் அழுகையை இத்தனை நாள்
விசுவாசக் குறைச்சல் என்றல்லவா நினைத்திருந்தேன்.

உட்காருங்க என்று பின்னாலிருந்து யாரோ
முந்தானையை இழுத்தார்கள்.

நேற்று ராத்திரி உங்கள் நோட்டை எடுத்து
என் கையெழுத்தில் எழுதினேன்.
ராடு 32. கருங்கல். புகை.
பெனினா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"எத்தனை அடிம்மா?"
"அறுநூத்தி நாப்பது."
"இன்னும் போறதா?"
"வண்டியில டீசல் இருக்குது கண்ணு."