கைக்கு ஒரு பதிலாள்

ரெய்கோ செவ்வாய்க்கிழமை செத்தான்,
குளியலறைத் தரையில், பதினொரு டேக்.
வெள்ளிக்கிழமை அவனுக்குப் பத்தொன்பது வயது,
கன்னத்தில் லேசாகச் சிவப்பு பூசியாயிற்று,
"சும்மா ஒரு தடவைதானே" என்று
கைநீட்டி வாங்குகிறான்.
குளியலறை வாடகை புதனோடு முடிந்தது.
சாவு முந்திக்கொண்டதற்கு
வேறு காரணமில்லை.

நான் தொடர்ச்சி பார்ப்பவள்.
சிகரெட் எவ்வளவில் அணைந்தது,
எந்தப் பொத்தான் கழன்றிருந்தது,
நெற்றியில் எத்தனை துளி என்பதெல்லாம்
என் நோட்டில் இருக்கும். துளி என்றால் கிளிசரின்.
பொடி என்றால் பால்சர்க்கரை.
தாலின் நகரத்து விளிம்பில், கோப்லியில்,
டிராம் வளைந்து திரும்பும் இடத்தில்
இந்த மரவீடும் ஜன்னல் உறைபனியும் மட்டும்தான் அசல்.

அப்புறம் அர்காதி.

டயர் கடையில் வேலை. விட்டு ஒன்பது வருஷம்.
ஆலோசகர் என்று டைட்டிலில் வரும்.
நாற்காலி போட்டிருந்தோம், உட்கார மாட்டார்.
ஹீட்டரோரம் நின்றுகொண்டு
ரஷ்ய மொழியில் "இல்லை" என்பார்.
"இல்லை, இவ்வளவு அழுக்காக இருக்கமாட்டோம்.
அம்மாவிடம் பணம் கேட்கப் போகிற நாளில்
தலை வாரிக்கொண்டுதான் போவோம்."
இயக்குநர் த்ரீனு அந்தக் காட்சியைக் கிழித்துவிட்டு
இரவெல்லாம் எழுதினாள்.

அறுபத்தொன்றாம் காட்சி. கை மட்டும், மிக அருகில்.
ரெய்கோ நடுங்கினான், நன்றாகவே நடுங்கினான்,
மூன்று மாதம் பயின்ற நடுக்கம்.
"இல்லை" என்றார் அர்காதி.
"நாள் பூரா நடுங்கும். அந்த ஒரு நிமிஷம் நடுங்காது.
கடிகாரம் பழுதுபார்க்கிறவன் கை மாதிரி இருக்கும்."
அப்படியானால் நீங்களே, என்றாள் த்ரீனு.

ஸ்வெட்டரைச் சுருட்டினார்.
ஒளிப்பதிவாளர் விளக்கை இறக்கினார், ஏற்றினார்,
முழங்கை மடிப்பில் தேடினார், மணிக்கட்டில் தேடினார்.
நரம்பே இல்லை.
அழித்து அழித்துத் தேய்ந்த காகிதமாய் ஒரு தோல்.

மூன்று வாரமாய் ரெய்கோவின் சுத்தமான கையில்
புண் வரைந்துகொண்டிருந்த ஸோயா
அசல் தழும்புகளின்மேல் பூச்சு ஒற்றி மறைத்து
மெல்லிய தூரிகையால்
நீலமாய் ஒரு நரம்பு வரைந்தாள்.
ஊதிக் காயவைத்தாள்.
அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இங்கே இல்லை," என்றார்,
"கொஞ்சம் உள்பக்கமாய் ஓடும்."
துடைத்து, மறுபடி வரைந்தாள்.

ஒரே டேக்.
கட் சொல்ல யாருக்கும் நினைவில்லை.
தட்டில் வைத்துவிட்டு அவர்தான் கேட்டார்:
தேநீர் இருக்கிறதா, நாலு சர்க்கரை.

அன்று மாலை போலி ஊசிகளை எண்ணினேன்.
ஐந்து. சரியாக ஐந்து.
இரண்டாம் முறையும் எண்ணினேன்,
இது என் வேலைதான் என்று சொல்லிக்கொண்டு.

ஃபோகஸ் போயிருந்தது, அரை விரல்கடை.
நாளை ஏழு மணிக்கு மறுபடி.

ஏழுக்கு வரவில்லை.
எட்டுக்கும். ஃபோனை எடுக்கவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ரெய்கோ ஒரு பிஸ்கட்டைப் பொடிப்பொடியாக்கினான்,
தயாரிப்பு மேலாளர் ஜன்னலுக்குப் போனார், வந்தார், போனார்.
எல்லார் மனத்திலும் ஒரே படம் ஓடியது,
நாங்களே எழுதிய படம்.

ஒன்பது இருபதுக்குப் படியில் பூட்ஸ் சத்தம்.
லாஸ்னமேயில் பஸ் பனியில் மாட்டிக்கொண்டதாம்,
செல்லில் சார்ஜ் இல்லையாம்.
ஆறு பேர் ஒரே நேரத்தில்
முதலில் அவர் கண்மணியைப் பார்த்தோம்.

அவருக்குத் தெரியும்.
கோட்டைக் கழற்றுவதற்கு முன்
நேராகப் பெரிய விளக்கின் கீழ் போய் நின்றார்,
இமைக்காமல்,
ஒவ்வொருவரும் பார்த்து முடிக்கும்வரை.

பிறகு ஸ்வெட்டரைச் சுருட்டினார்.
நரம்பு பாதி கலைந்திருந்தது. மீதிப் பாதியை
ரொட்டிப்பை சுற்றி, குளிக்கும்போது நனையாமல் காத்திருக்கிறார்.
நேற்றைய புகைப்படத்தைத் தேடி எடுத்து,
அது எந்த இடத்தில் வளைந்தது என்று
ஸோயாவுக்குக் காட்டினேன்.