நூற்றுக்கு நூறு

டொங்காட்டில் கரும்புக் கொல்லைக்குத் தீ வைத்த காலை.
காற்றில் வந்த கருஞ்சருகு ஒன்று
என் படிவத்தின் முதல் பக்கத்தில் உட்கார்ந்தது.
ஊதினேன். பள்ளியின் பெயர் எழுதும் இடத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது.

முன்பு பைஜாமா தைத்த ஆலை.
இப்போது உயர்நிலைப் பள்ளி. அரசு மானியம் உண்டு,
அரசு வாத்தியார் கிடையாது.
ஐந்து வருடத்தில் நான்கு கிளை.
வாசலில் பதாகை: மெட்ரிக், நூற்றுக்கு நூறு.

என் வேலை எண்ணுவது.
தீயணைப்பான் ஏழு, ஆறில் அழுத்தம் சரி.
ஆசிரியர் பதிவுச் சான்று பத்தொன்பது.
பெண்கள் கழிப்பறை ஒன்பது.
ஒன்பதிலும் தாழ்ப்பாள் விழுகிறது
(இதை எழுத இடமில்லை, ஆனாலும் போட்டுப் பார்த்தேன்).
வேதியியல் கூடத்தில் அடுப்பு நீலமாக எரிகிறது.
இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எரிந்தவற்றை
ஒரு கைவிரலில் அடக்கிவிடலாம்.

தலைமையாசிரியர் டெரன்ஸ் படையாச்சி
சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே சொன்னார்:
"மேடம், எங்க மேல மட்டும் பூதக்கண்ணாடி வைக்காதீங்க.
எதிர்ப்பக்கத்தையும் பாருங்க."

பார்க்காமலா?
சாலைக்கு அந்தப் புறம் அரசுப் பள்ளி.
வெள்ளம் கூரையை எடுத்துக்கொண்டது,
நிவாரணம் தார்ப்பாயைக் கொடுத்தது.
ஒரு வகுப்பில் அறுபத்து மூன்று பேர்.
அதற்கும் நான்தான் ஆய்வாளர்.
எழுதிய அறிக்கைகள் ஐந்தும்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பத்திரமாக இருக்கின்றன,
நனையாமல்.

அதனால் இந்தப் பள்ளிமேல் எனக்குக் காய்ச்சல் இல்லை.
என் தங்கை மகன் கிர்வானுக்கு
நாங்களும் இங்கே இடம் கேட்டோம்.
ஐஸ்கிரீம் வாளியில் முந்நூறு சீட்டு, எண்பது இடம்.
அவன் பெயர் வரவில்லை.
நலமுரண் ஏதுமில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சீட்டு வந்திருந்தால் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு வருகைப் பதிவேடு.
போன வருடம் பதினோராம் வகுப்பில் நாற்பத்தொன்று.
இந்த வருடம் பன்னிரண்டில் இருபத்தொன்பது.
விரலை வைத்து இரண்டு முறை இறங்கினேன்.

"விருப்பப்பட்டுப் போனவங்க, மேடம்.
பெற்றோர் கடிதம் இருக்கு."
இருந்தது. பன்னிரண்டு கடிதம்,
பன்னிரண்டு விதமான கையெழுத்து,
மேலே ஒரே வாக்கியம்:
பிள்ளைக்கு ஏற்ற சூழலை நாடி.
பன்னிரண்டிலும்
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.

இருபத்தாறு பக்கப் படிவம்.
இருப்பவர்களை எண்ணத்தான் கட்டம்.

சாலையைக் கடந்தேன்.
அங்கிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
ஒரு கையும் எழவில்லை.
ஸ்வெட்டரைப் பார்த்தேன். புதிது வாங்கவில்லை.
சின்னத்தைப் பிரித்தெடுத்த இடத்தில்
வெயில் படாத பச்சை, கட்டம் போட்டது போல.
ஒன்பது கட்டம் எண்ணினேன்.

"மீதி மூணு பேர்?"
நொம்புமெலெலோ என்ற பெண் தலை நிமிராமல் சொன்னாள்,
ஒருத்தி சூப்பர் மார்க்கெட் கல்லாவில்.
ஒருவன் ஜோபர்க் போனான்.
இன்னொருத்தியைப் பற்றி அவள் சொல்லவில்லை.
பிறகு, கேட்காமலே:
"கணக்கில் முப்பத்தொன்று எடுத்தேன்.
ஜூனுக்குள் தேறமாட்டாய் என்றார்கள்.
இங்கே நாற்பத்தாறு.
வாத்தியாருக்கு என் பெயர் தெரியாது."

காரில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் திருப்பினேன்.
தேர்ச்சி விழுக்காடு: நூறு என்று தட்டச்சாகியிருந்தது.
ஓரத்தில் பேனாவால்
நாற்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது என்று எழுதினேன்.
ஓரத்தை யாரும் கணினியில் ஏற்றுவதில்லை.
அதன் கீழே
உரிமம் புதுப்பிக்கலாம்: ஆம், இல்லை.
மூடினால் அந்த நீல அடுப்பு.
அதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

காவலாளி ஜிகலாலா கண்ணாடியைத் தட்டினார்.
வைப்பரில் சிக்கிய கருஞ்சருகை எடுத்துப் போட்டுவிட்டு
கொஞ்சம் குனிந்து,
"என் மகளுக்குக் குலுக்கலில் விழுந்தது மேடம்.
நல்ல பள்ளிதானே?"

எந்த வகுப்பு என்றேன்.
எட்டு என்றார்.

பதினொன்றுக்கு இன்னும் மூன்று வருடம்.