பதினேழு மீட்டர்

இரவு இரண்டே கால்.
திரையில் ஒரு முக்கோணம்
லாங்கெலாந்துத் தீவின் தென்முனையைத் தாண்டி
வடக்கே ஊர்கிறது.

போன மாதம் அதற்கு வேறு பெயர்,
வேறு கொடி.
வெள்ளைப் பூச்சுக்கு அடியில்
பழைய எழுத்துகள் புடைத்து நிற்பதை
ரோந்துப் படகிலிருந்து ஆஸ்கெர் படமெடுத்து அனுப்பியிருந்தான்.
முழுப் பூசணிக்காய்.
ஒரு கரண்டிச் சோறு.

ஒலிவாங்கியை அழுத்துகிறேன்.
"உங்கள் கப்பல் பதினைந்து மீட்டர் மூழ்கியிருக்கிறது.
வழியின் ஆழம் பதினேழு.
வழிகாட்டி மாலுமி வேண்டுமா?"

பதில் இல்லை.
மறுபடி கேட்டேன்.
கடல் இரைவது போல வானொலி இரைந்தது.

கட்டாயப்படுத்த எனக்கு உரிமை கிடையாது,
கேட்பதற்குத்தான் சம்பளம்.
இந்த நீர்வழி எல்லோருக்கும் பொது என்று
என் கொள்ளுத்தாத்தா பிறக்கும் முன்பே
கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.
அப்போது பாய்மரங்கள். சிந்தினாலும்
தானியம்தான் சிந்தும்.

இரண்டு மீட்டர்.
நான் நிமிர்ந்து நின்றால்
தலைக்கு மேல் ஒரு சாண் மிஞ்சும், அவ்வளவே.
அதற்குள்தான் அடங்கியிருக்கிறது
வரும் கோடையின் சிப்பிகள்,
கடற்பன்றிக் குட்டிகள்,
தோணித்துறையில் அலறிக்கொண்டு குதிக்கும்
என் அக்கா பிள்ளைகள்.

ஏழாவது முறை ஒரு குரல். மிக இளசு.
"கேப்டன் தூங்குகிறார்.
வழிகாட்டி வேண்டாம். உத்தரவு இல்லை."
கொஞ்சம் மௌனம்.
"மேடம், இடப்பக்கம்
மினுங்கி மினுங்கி அணைவது என்ன?"

மணல்மேடு, என்றேன்.
அதை நெருங்காதே.
இன்னும் ஐந்து பாகை வலப்புறம்.
மெதுவாக. அப்படித்தான்.

இவ்வளவு சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஐம்பது நிமிடம் பேசினோம்.
ஊர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது.
அவன் இருமினான்.
ஒரு லட்சம் டன் கச்சா எண்ணெய்
அந்த இருமல் நிற்கும்வரை காத்திருந்தது.

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது.
யாரை?
முதலாளியின் முகவரி
வெயில் தேசமொன்றில் வெறும் அஞ்சல்பெட்டி.
கிடைத்தது இந்தப் பையன் மட்டும்,
அவனுக்கும் தூக்கம் வருகிறது.

பாலத்தைக் கடந்ததும் "தாக்" என்றான்.
எங்கள் மொழியில் நன்றி.
யார் கற்றுக்கொடுத்தார்களோ.

பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்:
ஏற்றார். மறுத்தார்.
மறுத்தார் என்பதில் குறி வைத்தேன்.
தெற்கே அடுத்த முக்கோணம்
அதற்குள் முளைத்திருந்தது.

காலையில் வீட்டுக்குப் போகவில்லை.
துறைமுகத்தில் நீளமாக மேசை போட்டு
கடற்புல் நாற்றுகளை
இரும்பு ஆணிகளில் கட்டுகிறார்கள்,
மாவட்டக் கணக்கர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள்,
பல் மருத்துவர் ஹோல்கெர்.
அவர் போடும் முடிச்சு மட்டும் அவிழ்வதே இல்லை.
மதியம் முக்குளிப்பவர்கள் இவற்றை
அடிமணலில் ஒவ்வொன்றாகக் குத்துவார்கள்.

ஆணியைத் துரு தின்று முடிப்பதற்குள்
வேர் மண்ணைப் பிடித்துவிட வேண்டும்.
பிடித்ததா என்பது அடுத்த ஆண்டுதான் தெரியும்.

நேற்றிரவு பேசியதை ஹோல்கெரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் நூலை என் பக்கம் தள்ளினார்.
விரல்கள் விறைக்கின்றன.
இன்னும் நானூறு இருக்கிறது.